நமது நிருபர்

எங்கள் பத்திரிகையில் பொய்க்கு முதல் பக்கம், உண்மைக்கு ஒன்பதாம் பக்கம். ஒன்பதாம் பக்கத்திலும் மேலே இடம் கிடையாது. மேலே வானிலை, நடுவில் மூட்டுவலித் தைல விளம்பரம், அதற்குக் கீழே தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம். அதன் பெயர் 'திருத்தம்'. உயிரோடு இருப்பவரை நேற்று செத்துவிட்டார் என்று போட்டிருந்தால், இன்று அந்தக் கட்டத்தில் அவருக்கு உயிர் கொடுப்போம். அதை யார் படிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். செத்தவரே படித்தால்தான் உண்டு.

இந்த லட்சணத்தில் நான் இங்கே இருபத்து நான்கு வருடங்களாக நீதிமன்றச் செய்தி எழுதுகிறேன். அலுவலகத்தில் எல்லோருக்கும் நான் 'கோர்ட்டக்கா'. வாரநாட்களில் எழுதுவதற்கு என் பெயர் வராது, 'நமது நிருபர்' என்று வரும். இங்கே வேலை பார்க்கும் பதினேழு நிருபர்களுக்கும் சேர்த்து அந்த ஒரே பெயர்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்குத் தனிப்பெயர் உண்டு, படம் உண்டு. 'மனசாட்சியின் மேசை' என்று ஒரு பத்தி. கன்னத்தில் கை வைத்த படத்தைப் போட்டு, நீதி, அறம், ஊடகத்தின் பொறுப்பு என்று ஊருக்கு உபதேசம் செய்வேன். படம் பத்து வருடத்துக்கு முன்னால் எடுத்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வாட்ச்மேன் கீழேயிருந்து போன் செய்தார்.

"அக்கா, உங்களைப் பாக்கணும்னு ஒருத்தர் வந்திருக்கார். கையில பேப்பர் கட்டு."

பேப்பர் கட்டோடு வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. பக்கத்து வீட்டுக்காரன் மதிலைத் தள்ளிக் கட்டிவிட்டான் என்று வருகிறவர்கள் ஒரு வகை. உலகம் எந்தத் தேதியில் அழியும் என்று கண்டுபிடித்து வைத்திருப்பவர்கள் இன்னொரு வகை. இவர் எது என்று கேட்டேன்.

"ரெண்டும் இல்லக்கா. பாவம், சத்தமே இல்லாம உக்காந்திருக்கார்," என்றார்.

கீழே போனேன். எங்கள் வரவேற்பறைச் சுவரில் 'உண்மையே எங்கள் மூச்சு' என்று பித்தளை எழுத்தில் பதித்திருக்கிறது. வாரம் ஒரு தடவை அதற்கு பாலிஷ் போட ஆள் வருகிறார். செய்தியைச் சரிபார்க்கத்தான் ஆள் கிடையாது. அந்த எழுத்துக்களுக்கு நேர் கீழே, சோபாவின் நுனியில் அவர் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை. முன்கை முழுக்க மூட்டை தூக்கிய கீறல்கள். மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

முகத்தைப் பார்த்ததும் எனக்கு யாரென்று தெரிந்துவிட்டது. ஏழு வருடத்தில் பாதித் தலை வழுக்கையாகியிருந்தது. அதனால் என்ன, அந்த முகத்தை நான் எப்படி மறப்பேன்? முதல் பக்கத்தில் பாதிப் பக்க அகலத்துக்கு நாங்கள் போட்ட முகம் அது.

"மேடம், உங்க ஞாயித்துக்கிழமை பத்தியை விடாம படிப்பேன்," என்றார். "இந்தப் பேப்பர்ல நீங்க ஒருத்தர்தான் ஞாயமா எழுதறீங்க. அதான் வேற யார்கிட்டயும் போகாம உங்களையே பாத்துரலாம்னு வந்தேன்."

"உக்காருங்க," என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் பள்ளிக்கூட வேன் டிரைவராக இருந்தவர். கதை எனக்குத் தெரியும். தெரிந்தும், தெரியாதவள் போல அவரையே சொல்லவிட்டேன்.

"அந்தப் பாப்பாவோட அப்பா ஸ்டாப்ல நின்னார் மேடம். அடிக்கடி வந்து கூட்டிட்டுப் போறவர்தான். பாப்பாவும் 'அப்பா'ன்னு ஓடிப்போய்க் கட்டிக்கிச்சு. இறக்கி விட்டேன். புருஷன் பொண்டாட்டிக்குள்ள தகராறு, பிள்ளை யார்கிட்ட இருக்கணும்னு கேஸ் ஓடுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அவர் பிள்ளையோட எங்கயோ போயிட்டார். சாயங்காலம் என்னை வீட்டுல வந்து அள்ளிட்டுப் போனாங்க."

இரண்டு நாளில் குழந்தை கிடைத்துவிட்டது. அப்பாவின் அண்ணன் வீட்டில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குள் எங்கள் திருப்பணி முடிந்திருந்தது. 'பிள்ளை பிடிக்கும் வேன் டிரைவர்! ஆமாம், கடத்தினேன்: பகீர் வாக்குமூலம்.' அவருடைய பெயர், வயது, அப்பா பெயர், தெரு, கதவு எண் எல்லாம் உண்டு. கைவிலங்கோடு படம். கீழே, நமது நிருபர்.

தகப்பனுக்கு உடந்தை என்று வழக்குப் போட்டதால் மூன்று மாதம் உள்ளே இருந்தார். ஐந்து வருடம் கோர்ட்டுக்கு நடந்தார். பெற்ற தகப்பனிடம் பிள்ளையை ஒப்படைத்ததைத் தவிர இவர் செய்தது எதுவுமில்லை என்று சொல்லி நீதிபதி விடுதலை செய்தார். தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை அவர் லேமினேஷன் செய்து வைத்திருந்தார். அதைத்தான் உறையிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் நீட்டினார்.

விடுதலையையும் நாங்கள் போட்டோம், போடாமல் இல்லை. ஒன்பதாம் பக்கத்தில் நான்கு வரி. 'குழந்தை கடத்தல் வழக்கில் கைதான டிரைவர் ஒருவர் விடுவிக்கப்பட்டார்.' பிடித்தபோது கதவு எண் வரைக்கும் தெரிந்த எங்களுக்கு, விட்டபோது அவர் 'ஒருவர்' ஆகிவிட்டார். அந்த நான்கு வரியையும் எழுதியது நான்தான். நடிகை ஒருத்தியின் விவாகரத்து அன்றைக்கு இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தது.

"இப்ப என்ன விஷயமா வந்தீங்க?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில ஆம்புலன்ஸ் டிரைவர் வேலை மேடம். ஓட்டிக் காட்டச் சொன்னாங்க, ஓட்டினேன். கண்ணு, ரத்தம் எல்லாம் பாத்துட்டாங்க. கடைசியில அந்த ஆபீசரம்மா என் பேரை போன்ல தட்டினாங்க. உங்க பேப்பர்தான் முதல்ல வருது. தீர்ப்பை எடுத்து நீட்டினேன். 'நாப்பத்திரெண்டு பக்கம் யாரு சார் படிக்கறது? நிஜமாவே விடுதலை ஆகியிருந்தா பேப்பர்ல வந்திருக்குமே, அதைக் கொண்டாங்க'ன்னாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம்."

கேட்டீர்களா கூத்தை? நீதிபதி கையெழுத்துப் போட்டது செல்லாதாம், நாங்கள் அச்சடித்தால் செல்லுமாம்.

"இப்ப என்ன வேலை பாக்கறீங்க?"

"காய்கறி மண்டியில மூட்டை தூக்கறேன். அது பரவால்ல மேடம், உடம்பு இருக்கு. பொண்ணு பத்தாவது படிக்குது. பிள்ளை பிடிக்கறவன் பொண்ணுன்னு சொல்லிச் சொல்லி ரெண்டு ஸ்கூல் மாத்தியாச்சு. இப்ப நான் அந்தப் பக்கமே போறதில்ல. தெருமுனையிலயே நின்னுக்குவேன், அது நடந்து போயிரும். ஆம்புலன்ஸ் வேலை கிடைச்சா யூனிஃபார்ம் குடுப்பாங்க. அதைப் போட்டுட்டு ஒரே ஒரு நாள் ஸ்கூல் கேட் வரைக்கும் அது கூடப் போகணும்."

அவர் அழவில்லை. நான்தான் பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? இந்த 'நமது நிருபர்'னு போட்டிருக்கே, அது யாரு?"

"அது பொதுப்பேர்ங்க. யார் வேணா இருக்கலாம்."

"இப்பவும் இங்கதான் வேலை பாக்கறாரா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சண்டை போட இல்ல மேடம். நான் ஒப்புக்கிட்டேன்னு எழுதியிருக்கார். எப்போ ஒப்புக்கிட்டேன்னு அவரை ஒரு தடவை நேர்ல கேக்கணும். அவ்வளவுதான்."

"விசாரிச்சுச் சொல்றேன்," என்றேன்.

அடிப்பாவி! என் வாய் கூசவில்லை. என்னைப் பற்றி என்னிடமே விசாரித்துச் சொல்வதாக ஒரு மனிதரிடம் சொல்லி, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பிவிட்டு மாடியேறினேன்.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புதிதாக வாங்கிய சிவப்புக் கைப்பையை மாட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போயிருந்தேன். இன்ஸ்பெக்டர் டீ வரவழைத்தார். "ஒப்புக்கிட்டான் மேடம், எழுதிக்குங்க," என்றார். எழுதிக்கொண்டேன். அதுதான் எங்கள் தொழில் முறை. அவர்கள் சொல்வார்கள், நாங்கள் எழுதிக்கொள்வோம், அதற்குப் பெயர் புலனாய்வு. கிளம்பும்போது உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. சந்து வழியாக எட்டிப் பார்த்தேன். தரையில் நீட்டியிருந்த இரண்டு கால்கள் தெரிந்தன. செருப்பில்லை. பத்தடி நடந்து, 'என்னங்க, ஒப்புக்கிட்டீங்களாமே?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் இல்லை என்பார், இல்லை என்றால் செய்தி சப்பென்று போய்விடும். அப்போது என் மகள் நான்காம் வகுப்பு. அவளும் வேனில்தான் போய்வந்தாள். தாய் மனது துடித்துவிட்டது, அதனால்தான் அவ்வளவு காரமாக எழுதினேன் என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டேன். தாயாவது மண்ணாவது. முதல் பக்கத்துக்கு ஆசைப்பட்டேன்.

மாடியில் நேராக ஆசிரியர் அறைக்குப் போனேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சூடு'. எந்தச் செய்தியைக் கொண்டுபோனாலும், "சூடா இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. என்னைவிட ஏழு வயது சின்னவர். சந்தோஷமாக இருந்தால் என்னை 'அக்கா' என்பார், கோபம் வந்தால் 'மேடம்'. அவர் அறையில் ஆறு டிவி சத்தமில்லாமல் ஓடும். ஆறிலும் ஆறு பேர் வாயைத் திறந்து திறந்து மூடுவார்கள். அன்று ஏதோ கொலை வழக்கு. பிடிபட்டவனைப் போலீஸ் வண்டியிலிருந்து இறக்குவதற்குள் ஒரு சேனல், இவனைத் தூக்கில் போடலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்டுவிட்டது. எழுபத்தெட்டு சதவீதம் பேர் போடலாம் என்றார்களாம். மிச்சப் பேர் யோசித்துக்கொண்டிருந்தார்களாம்.

விஷயத்தைச் சொன்னேன்.

"விடுதலை எப்போ ஆச்சு?" என்றார் சூடு.

"ரெண்டு வருஷம் முன்னால."

"அக்கா, அது ஆறிப்போச்சு."

"நமக்கு ஆறிப்போச்சு. அவருக்கு இன்னும் கொதிச்சுக்கிட்டுதான் இருக்கு."

"சரி, திருத்தம் கட்டத்துல ரெண்டு வரி போட்டுருவோம்."

"கெடுத்தப்ப அரைப் பக்கம், இப்ப தீப்பெட்டியா?"

"மேடம்!" கோபம் வந்துவிட்டது. "தப்புப் பண்ணிட்டோம்னு நாமளே எழுதினா நாளைக்கே வக்கீல் நோட்டீஸ் வரும். நாம என்ன தப்புப் பண்ணோம்? போலீஸ் சொன்னதை எழுதினோம்."

"போலீஸ் சொன்னாங்கன்னு எழுதியிருந்தாப் பரவால்ல. அவரே சொன்னார்னுல்ல எழுதியிருக்கு?"

"யாரு எழுதினது அது?"

"நான்தான்."

சூடு என்னை ஒரு நிமிடம் பார்த்தார். அப்புறம் முகமெல்லாம் சிரிப்பு. "அட போங்கக்கா! இதுக்கா இவ்வளவு டென்ஷன்? உங்க பேர் எங்கயாச்சும் இருக்கா? இல்லல்ல? நிம்மதியா இருங்க." பிறகு கண்ணில் வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் வந்தால் எனக்குப் பயம். "ஒண்ணு பண்ணுங்க. உங்க பேர்லயே ஒரு ஸ்டோரி. 'ஏழு வருடக் கண்ணீர்'. பொண்ணு அழற மாதிரி ஒரு படம். சூடா இருக்கும்."

"அந்தப் பொண்ணு அழலயே."

"அழ வைங்க."

எழுந்து வெளியே வந்துவிட்டேன். படம் கிடையாது, கண்ணீர் கிடையாது, செய்தி மட்டும் தருகிறேன் என்று வாசலில் நின்று சொன்னேன். சரி சரி என்று கையை ஆட்டினார்.

புதன்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். தேடுகிறவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று முதல் வரியிலேயே அவர் பெயரைப் போட்டேன். நீதிபதியின் வார்த்தைகளை அப்படியே போட்டேன். எல்லாம் நன்றாகத்தான் வந்தது. பழைய செய்தி யாருடையது என்று சொல்ல வேண்டிய இடம் வந்தது. விரல் நின்றது. டீ குடித்துவிட்டு வந்தேன். பிறகு இப்படி எழுதினேன்: 'இந்த நாளிதழ் உட்படப் பல ஊடகங்களில் அன்று வெளியான தகவல் சரிபார்க்கப்படாதது.' பல ஊடகங்களாம்! மற்றவர்கள் அத்தனை பேரும் என் செய்தியைப் பார்த்துத்தான் காப்பியடித்தார்கள். எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் பூசி மெழுகினேன்.

வியாழக்கிழமை காலை ஐந்தாம் பக்கத்தில் வந்தது. மேலே என் பெயர். ஏழு மணியிலிருந்து போனில் பாராட்டு. 'உங்களால்தான் பத்திரிகைத் தொழிலுக்கே மரியாதை', 'கண் கலங்கிவிட்டது'. சட்டக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் எனக்குத் தலைவணங்குவதாக அனுப்பியிருந்தார். நான் அவ்வளவுக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன், வெட்கங்கெட்டவள்.

என் கணவர் லிப்ட் மெக்கானிக். ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே பேப்பரைப் படித்து முடித்தார்.

"நல்லா எழுதியிருக்கே," என்றார்.

"என்ன இழுக்கறீங்க? சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. யாரோ பண்ணின தப்பை நீ போய் சரி பண்ணின மாதிரி இருக்கு."

நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

"நாங்க ஒரு லிப்ட்டைத் தொட்டா, பக்கத்துல தொங்கற அட்டையில பேரை எழுதிக் கையெழுத்து போடணும். நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரைக் கேக்கறதுன்னு தெரியணும்ல. உங்களுக்கு அப்படி ஒண்ணும் கிடையாதா?"

"போங்க, உங்க லிப்ட்டும் நீங்களும்!" என்று கத்தினேன். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அமைதியாகப் போய்விட்டார். உள்ளறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். அவளையும் ஒரு அதட்டல் போட்டேன். குத்திய இடம் அவ்வளவு சரியான இடம்.

ஒன்பது மணிக்கு டிரைவர் போன் செய்தார்.

"மேடம், பேப்பர்ல நல்லா வந்திருக்கு. ரொம்ப நன்றி. ஆனா போன்ல பாத்தா வேற மாதிரி இருக்கே?"

பார்த்தேன். எங்கள் இணையதளத்தில் என் செய்தி இருந்தது. தலைப்பு மட்டும் வேறு: 'பிள்ளை பிடிக்கும் வேன் டிரைவர் வழக்கில் அதிரடித் திருப்பம்!' தலைப்புக்குக் கீழே அதே படம், அதே கைவிலங்கு. படத்துக்கு அடியில் எறும்பு அளவு எழுத்தில் 'கோப்புப் படம்'. அவர் பெயரைத் தட்டினால் முன்பு ஒன்றுதான் வரும், இப்போது இரண்டு வந்தது. ஒன்றைச் சரிசெய்யப் போய் இரட்டிப்பாக்கிக் கொடுத்திருந்தோம்.

அலுவலகத்துக்கு ஓடினேன். இணையதளப் பிரிவின் தலைவனைக் 'காதுமாட்டி' என்போம். காதில் மாட்டியதைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை. அவன் முன்னால் சுவரில் ஒரு திரை. எந்தச் செய்தி எத்தனை பேரால் படிக்கப்படுகிறது என்று அதில் எண்கள் ஓடும்.

"தலைப்பை யாருடா மாத்தினது?"

"நான்தான்க்கா. அந்தப் பழைய தலைப்பு அப்பவே பிச்சுக்கிட்டு ஓடினது. ஜனங்க இன்னமும் அந்த வார்த்தையைத்தான் தேடறாங்க. 'டிரைவர் நிரபராதி'ன்னு போட்டா எவன் தொடுவான்?"

"அந்தப் படத்தை எதுக்குப் போட்டே?"

"அந்தப் பேருக்கு நம்மகிட்ட இருக்கறது அது ஒண்ணுதானே? அதான் கோப்புப் படம்னு போட்டிருக்கேனேக்கா."

அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. கெட்டவன் என்றால் திட்டலாம். வேலையை ஒழுங்காகச் செய்கிறவனை என்ன சொல்லித் திட்டுவது?

"முதல்ல அதை எடு."

"சூடு சார் சொன்னா எடுக்கறேன். மூணாவது இடத்துல ஓடுதுக்கா, சாயங்காலத்துக்குள்ள முதல் இடத்துக்கு வந்துரும்." என்னை வாழ்த்துவது போலச் சிரித்தான்.

சூடு அன்றைக்கெல்லாம் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் லிப்ட் வாசலில் மடக்கினேன். "அக்கா, ஓடற வண்டியை எதுக்கு நிறுத்தச் சொல்றீங்க? சனிக்கிழமை பாத்துக்கலாம்," என்றார். கதவு மூடிக்கொண்டது. நாளைக்குத்தான் வெள்ளிக்கிழமை என்று மூடிய கதவிடம் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். நானும் வருகிறேன் என்றதும் டிரைவருக்கு அவ்வளவு சந்தோஷம். நீங்களே வந்து சொன்னால் மறுபேச்சு இருக்காது என்றார். அதே சட்டை, துவைத்து மடித்தது.

நிர்வாக அலுவலகம் இரண்டாம் மாடியில் இருந்தது. பினாயில் வாசனை. சுவரோரம் இரும்பு அலமாரிகள். ஜன்னலுக்கு வெளியே கீழே ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. அதிகாரி அம்மாளுக்குக் கண்ணாடி சங்கிலியில் தொங்கியது. அதை மாட்டிக்கொண்டு, நான் நீட்டிய பேப்பரை ஓரமாக வைத்துவிட்டுப் போனைத்தான் பார்த்தார்.

"அதிரடித் திருப்பம்னு போட்டிருக்கே சார்? இன்னும் கேஸ் முடியலையா?"

"அது விடுதலைச் செய்திதான் மேடம், கீழே படிச்சீங்கன்னா..." என்றார் டிரைவர்.

"கீழ வரைக்கும் யாரு போவா? படத்துல விலங்கு மாட்டியிருக்கு. முதல் செய்தியில, ஒப்புக்கிட்டார்னு தெளிவா இருக்கே?"

டிரைவர் லேமினேஷன் தாளை மேசைமேல் வைத்தார். அந்த அம்மாள் அதைத் தொடவில்லை. டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தச் செய்தி தப்புங்க," என்றேன். "நான் அந்தப் பேப்பர்லதான் வேலை பாக்கறேன். அவர் ஒப்புக்கவே இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பூசி மெழுக என்னிடம் நிறைய வாக்கியங்கள் இருந்தன. இருபத்து நான்கு வருடச் சேமிப்பு. அந்த மேசையில் ஒன்றும் எடுபடாது என்று தெரிந்தது.

"அதை எழுதினது நான்தான்."

"நமது நிருபர்னுல்ல போட்டிருக்கு?"

"அது நான்தான்."

பக்கத்து நாற்காலியைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிளாஸ்டிக் உறை நெரிபடும் சத்தம் மட்டும் கேட்டது.

"தெரிஞ்சே பொய் எழுதினீங்களா?" அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்சுக்க வேண்டாம்னு இருந்துட்டேன். பத்தடி தள்ளித்தான் உக்காந்திருந்தார். போய்க் கேக்கல."

"அப்ப இதை எழுதிக் குடுங்க."

வெள்ளைத் தாள் ஒன்றைத் தள்ளினார். எழுதினேன். 'இவர் ஒப்புக்கொண்டதாக ஏழு வருடத்துக்கு முன்னால் நான் எழுதியது பொய். நான் இவரிடம் கேட்கவே இல்லை.' கீழே பெயர், கையெழுத்து, தேதி. வாழ்நாளில் நான் எழுதியதிலேயே மிகச் சிறிய செய்தி அதுதான்.

அந்த அம்மாள் இரண்டு தடவை படித்தார். குரல் இறங்கிவிட்டது.

"சார், நான் நம்பறேன். நிஜமாவே நம்பறேன். ஆனா வண்டியில ஏறப்போற நோயாளி வீட்டுக்காரங்க போன்ல இந்தத் தாள் வராதே? அந்தப் படம்தானே வரும்? நாளைக்கு ஒரு குழந்தையை ஏத்தும்போது யாராச்சும் உங்களை அடையாளம் பாத்துட்டா, நான் என்ன பதில் சொல்றது? வேற ஆளைப் போட்டுக்கறோம். மன்னிச்சிருங்க." என் பக்கம் திரும்பினார். "தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்குப் பொய் எழுதினவங்க, இன்னிக்கு எழுதறது மட்டும் நிஜம்னு எங்க மேலதிகாரிகள்கிட்ட நான் எப்படிச் சொல்வேன்?"

தப்பாக எடுத்துக்கொள்ள அதில் என்ன இருக்கிறது?

டிரைவர் எழுந்தார். முகத்தில் எதுவும் இல்லை. "அந்தத் தாள்ல ஒரு நகல் கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார். எடுத்துக் கொடுத்தார்கள்.

இருவரும் படியிறங்கினோம். கீழே ஒரு ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்துவைத்து யாரோ கழுவிக்கொண்டிருந்தார். டிரைவர் அங்கே கொஞ்ச நேரம் நின்றார். ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

"எப்போ ஒப்புக்கிட்டேன்னு கேக்கணும்னு ஏழு வருஷமா வெச்சிருந்தேன்," என்றார். "இப்ப கேட்டு என்ன ஆகப்போகுது?"

"என்னை மன்னிச்..."

"மேடம், அன்னிக்கு அந்த ரூம்ல கதவு சந்து வழியா யாரோ ஒரு அம்மா எட்டிப் பாத்தாங்க. முகம் தெரியல. சிவப்புக் கைப்பை தெரிஞ்சுது. யாரோ பெரிய இடத்து அம்மா வந்திருக்காங்க, என்னைப் பாத்துட்டாங்க, எப்படியும் உள்ள வந்து ஒரு வார்த்தை கேப்பாங்கன்னு நம்பினேன். எவ்வளவோ நேரம் கதவையே பாத்துக்கிட்டு இருந்தேன்." அவர் என் முகத்தைப் பார்த்தார். "அது நீங்கதானா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் திட்டியிருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம். துப்பியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். அந்த நிம்மதியை அவர் எனக்குக் கொடுக்கவில்லை. நகலை மடிக்காமல் உறைக்குள் வைத்தார்.

"இதை லேமினேஷன் பண்ணிக்கறேன். பொண்ணுகிட்ட காட்டணும். தீர்ப்பெல்லாம் அதுக்குப் புரியாது. இது ரெண்டே வரி, புரியும்."

எதிர்ப்பக்க லேமினேஷன் கடைக்குப் போகச் சாலையில் இறங்கியவர் திரும்பி வந்தார்.

"மேடம், ஒரே ஒரு உதவி. என்னை வெச்சு ஞாயித்துக்கிழமை எதுவும் எழுதிராதீங்க."

"சத்தியமா எழுதமாட்டேன்," என்றேன்.

அவர் சாலையைக் கடந்து போனார். சிவப்புக் கைப்பை என்று அவர் சொன்ன அந்த நொடியிலேயே ஞாயிற்றுக்கிழமைப் பத்தியின் முதல் வரி என் மண்டைக்குள் ஓட ஆரம்பித்திருந்தது. நல்ல வரி.

த்தூ.